உக்கிய கூரைப் பலகைக்கு மூன்று கொட்டேஷன்: எதை எதோடு ஒப்பிடுவது?

மூன்று பேரிடம் விலை கேளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கூரை விளிம்புப் பலகை விஷயத்தில் அது பாதி உதவிதான். மூன்று பேரிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை வந்து சேரும். ஒருவர் உக்கிய பலகையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக்கை அடித்து மூடுவதற்கு விலை சொல்லியிருப்பார். இன்னொருவர் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, கைமர நுனிவரை பார்த்துச் சரிசெய்வதற்குச் சொல்லியிருப்பார். இரண்டு தாளிலும் ‘ஃபேசியா, சோஃபிட், கட்டர் மாற்றுதல்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அடியில் உள்ள தொகையை மட்டும் பார்ப்பவருக்கு முதலாமவர் மலிவாகவும் இரண்டாமவர் கொள்ளைக்காரராகவும் தெரிவார்.

இங்கிலாந்தில், குறிப்பாக லண்டனைச் சுற்றி வீடு வாங்கியிருக்கும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஹாரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட் பக்கம் 1930களில் கட்டிய இரட்டை வீடுகள் நிறைய உண்டு. ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் அதற்கும் முந்திய வரிசை வீடுகள். எல்லாவற்றிலும் கூரை விளிம்பில் பலகை இருக்கிறது. கைமரங்களின் நுனியில் நேர்குத்தாக அடித்திருப்பது ஃபேசியா. கூரையிலிருந்து வடியும் மழைநீரை வாங்கி ஓடவிடும் கட்டர் தொங்குவது அதில்தான். அதன் அடியிலிருந்து சுவர் வரை படுக்கையாக ஓடுவது சோஃபிட். முக்கோணச் சுவர் உள்ள பக்கத்தில் கூரைச் சரிவோடு ஏறிப்போவது பார்ஜ் போர்ட். கட்டரையும் சேர்த்து மொத்தத்தையும் ரூஃப்லைன் என்பார்கள்.

முதலில், ஏன் உக்கியது?

மரம் தானாக உக்குவதில்லை. அதன் ஈரம் நெடுநாள் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் பூஞ்சை பிடிக்கும். ஆகவே, பலகையை இத்தனை காலமும் நனைத்துக்கொண்டிருந்தது எது என்று கேட்க வேண்டும். கட்டர் இணைப்பில் இருக்கும் ரப்பர் காய்ந்து ஒழுகியிருக்கலாம். இலையும் பாசியும் அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழிந்திருக்கலாம். சரிவு தப்பி நடுவில் தேங்கியிருக்கலாம். இவற்றை ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு கீழே நின்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

கீழே நின்றால் தெரியாத காரணம் ஒன்று உண்டு. பல வீடுகளில் அதுதான் உண்மையான காரணம். ஓட்டுக்கு அடியில் தார் பூசிய ஃபெல்ட் விரித்திருப்பார்கள். ஓட்டு இடுக்கில் புகும் மழைநீரை அது வழித்துக்கொண்டு போய்க் கட்டருக்குள் விட வேண்டும். விளிம்பில் வெயிலும் காற்றும் படுகிற அந்தக் கடைசி முழம் ஆண்டுகள் போகப் போகக் காய்ந்து நொறுங்கிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் கட்டரில் விழாமல் ஃபேசியாவின் முதுகுப்பக்கமாக இறங்குகிறது. பலகை பின்னாலிருந்து உக்கும். முன்பக்கத்தில் பெயின்ட் நன்றாகவே இருக்கும். வெளியே கொப்பளம் தெரியத் தொடங்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இதைச் சரிசெய்ய, அடி ஓட்டு வரிசைகள் இரண்டு மூன்றைக் கழற்றி, நொறுங்கிய ஃபெல்ட்டை வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் செருக வேண்டும். ஈவ்ஸ் ட்ரே அல்லது ஃபெல்ட் ட்ரே என்று கேட்டால் ரூஃபர்களுக்குத் தெரியும். தட்டின் விலை அற்பம். ஓட்டைக் கழற்றித் திரும்பப் போடும் நேரத்துக்குத்தான் கூலி. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் விடுவது இதைத்தான். கொட்டேஷன் கையில் வந்தால் நான் முதலில் தேடுவதும் இதைத்தான். புதுப் பலகை பளபளவென்று நிற்க, பழைய ஃபெல்ட் வழியாகவே தண்ணீர் இறங்கினால், உள்ளே கைமர நுனிகள் நனைந்துகொண்டே இருக்கும்.

விலை கேட்பதற்கு முன் ஒரு தரம் டார்ச்சோடு, கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்ட்டுக்குள் ஏறி, கூரை தாழ்ந்து வரும் ஓரத்தைப் பாருங்கள். ஃபெல்ட் கிழிந்து வெளிச்சம் தெரிகிறதா, கைமர நுனியில் ஈரக்கறை இருக்கிறதா, கரும்பூஞ்சை இருக்கிறதா? இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டி அதன்பிறகு ஓடு மாற்றாத வீடுகளில் ஃபெல்ட்டே இல்லாமலும் இருக்கலாம். ஓட்டின் முதுகு நேராகத் தெரியும். நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் எல்லாரிடமும் அதே படங்களைக் காட்டிக் கேட்டால், எல்லாரும் ஒரே வேலைக்கு விலை சொல்லும் வாய்ப்பு அதிகம்.

பலகை: ஒட்டுப்போடுவதா, மூடுவதா, மாற்றுவதா?

ஒட்டுப்போடும் வழியைப் பலர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. உக்கல் ஒரு மூலையில், ஒரு கட்டர் இணைப்புக்குக் கீழே மட்டும் இருந்தால் அந்தத் துண்டை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, பதப்படுத்திய புது மரத்தைப் பொருத்தி, வெட்டுமுனைகளில் பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசினால் போதும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அங்கங்கே குத்திப் பார்த்தால் உக்கல் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். பழைய வரிசை வீடுகளின் மரம் பல நேரம் இன்று கடையில் கிடைக்கும் மென்மரத்தைவிட அடர்த்தியானது. அதைக் காப்பாற்றுவதில் பொருள் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1960களுக்கு முந்திய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உரசித் தூசு கிளப்ப விடாதீர்கள், முக்கியமாக வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால்.

அடுத்தது மூடுவது. கேப்பிங் என்பார்கள். பழைய பலகையை அப்படியே விட்டு, அதன் மேல் 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிப்பான யுபிவிசி பிளாஸ்டிக் பலகையை அடிப்பது. வேகமாக முடியும், குப்பை குறைவு, வீடு அன்று மாலையே புதிதாகத் தெரியும். அடியில் உள்ள மரம் உண்மையிலேயே உறுதியாக இருந்து, பெயின்ட் அடிக்கும் தொல்லையிலிருந்து மட்டும் விடுபட வேண்டும் என்றால் இது தவறான வேலை அல்ல. ஆனால் இந்தக் கட்டுரையே உக்கிய பலகையைப் பற்றியது. உக்கியதன் மேல் மூடுவது, சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் மேலே கவசம் போடுவதற்குச் சமம். கேப்பிங் பலகைக்குத் தனியே பலம் கிடையாது, ஆணியைப் பிடிப்பது பின்னால் இருக்கும் மரம்தான். அந்த மரமே ரொட்டித்தூளாகிக் கிடந்தால் ஆணி எதைப் பிடிக்கும்? வழக்கமான 112 மில்லிமீட்டர் அரைவட்டக் கட்டர் முழுதும் நிரம்பினால் ஒரு மீட்டருக்கு நாலைந்து கிலோ தண்ணீர் சுமக்கும். அத்தனையும் அந்த ஆணிகளில்தான் தொங்குகிறது. போதாததற்கு, கட்டர் வெளிப்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போவதால் ஓட்டு நுனி கட்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் குறைகிறது. ஈரம் உள்ளே அடைபட்டுக் கிடப்பதால் உக்கல் நிற்பதும் இல்லை. வெளியே தெரியாமல் தொடரும்.

மூன்றாவது, முழுதாக மாற்றுவது. பழைய பலகையைக் கழற்றி, கைமர நுனிகளைப் பார்த்து, உக்கியிருந்தால் பக்கத்தில் புது மரம் சேர்த்து இறுக்கி, 16 மில்லிமீட்டருக்குக் குறையாத யுபிவிசி பலகையை நேராகக் கைமரத்திலேயே அடிப்பது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். பலகை போன பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஃபெல்ட் ட்ரே போடுவதற்கு வழி திறப்பதும் அப்போதுதான். 1930களின் இரட்டை வீட்டுக்கு வெள்ளை யுபிவிசி உறுத்தலாகத் தெரியாது. பல தெருக்களில் பக்கத்து வீடுகளெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன.

யுபிவிசியிலும் வேலைத்தரம் உண்டு. பிளாஸ்டிக் வெயிலில் நீளும். 5 மீட்டர் பலகை ஒன்று வெப்பநிலை 30 பாகை மாறும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். அதற்கு இணைப்பில் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். விடாவிட்டால் கோடையில் பலகை அலையலையாக வளையும். கரும் நிறங்கள் சூட்டை அதிகம் வாங்குவதால் இன்னும் நெருக்கமாக ஆணி அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தலை வைத்த துருப்பிடிக்காத எஃகு ஆணிகளா என்று கேளுங்கள். சாதாரண ஆணி அடித்தால் சில வருடங்களில் வெள்ளைப் பலகையில் துருக்கோடு இறங்கும்.

நாலாவது வழி, புது மரம். பழைய தோற்றத்தைக் காக்கும் கன்சர்வேஷன் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு, வழக்கமாகக் கேட்காமலே செய்யக்கூடிய மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைக்கும் ‘ஆர்ட்டிகிள் 4’ கட்டுப்பாட்டைக் கவுன்சில் வைத்திருந்தால், பிளாஸ்டிக்குக்கு மாற அனுமதி தேவைப்படலாம். பாரம்பரியக் கட்டடமாக லிஸ்ட் செய்யப்பட்டது என்றால் கேட்காமல் தொடவே கூடாது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மரம்தான். சாதாரண மென்மரத்துக்கு ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தரம் பெயின்ட் வேண்டும். ஒவ்வொரு தடவையும் உயரத்தில் ஏறும் செலவு சேரும். அக்கோயா என்ற பதப்படுத்திய பைன் மரம் விலை கூடியது, ஆனால் நிலத்துக்கு மேலான பயன்பாட்டுக்கு அதைச் செய்பவர்கள் 50 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அலங்கார வெட்டுள்ள பார்ஜ் போர்ட் முன்பக்கம் இருக்கும் விக்டோரிய வீட்டில் அதைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியை அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. முன்பக்கம் மரம், பின்பக்கம் யுபிவிசி என்று பிரித்துச் செய்யலாம். விலையையும் அப்படியே பிரித்துக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் சோஃபிட்டில் காற்று வழி இருக்க வேண்டும். சாதாரணச் சரிவுள்ள, லாஃப்ட்டின் தரையில் இன்சுலேஷன் விரித்த கூரைக்கு விளிம்பு நெடுக 10 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமமான காற்றோட்டம் வேண்டும் என்பது இங்குள்ள வழக்கமான அளவு. பழைய சோஃபிட்டில் இடுக்குகள் வழியாகக் காற்று தானாகவே போய்க்கொண்டிருந்தது. புதிதாக இறுக்கமாக மூடிவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் லாஃப்ட்டுக்குள் ஃபெல்ட்டிலிருந்து பனிநீர் சொட்டும். நம் சமையலின் ஆவி, உள்ளே காயப்போடும் துணி எல்லாம் மேலேதான் போகின்றன. காற்றுத்துளை உள்ள சோஃபிட், அல்லது ஃபேசியாவுக்கு மேலே பொருத்தும் காற்றுப்பட்டி, எதுவாயினும் சரி. கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும். லாஃப்ட் இன்சுலேஷனை ஓரம் வரை திணித்து அந்த வழியை அடைத்திருந்தால் அதையும் அன்றே இழுத்துவிடச் சொல்லுங்கள்.

கட்டர்

இதில் அவ்வளவு குழப்பம் இல்லை. யுபிவிசி கட்டர் மலிவு, எந்தக் கடையிலும் உதிரி கிடைக்கும், ஒழுகுவது இணைப்புகளில்தான். அலுமினியத்தை வீட்டு வாசலிலேயே இயந்திரத்தில் உருட்டி, இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நீண்ட நேரான சுவருக்கு அது அருமை. மூலைகள் அதிகமுள்ள வீட்டில் அந்த நன்மை குறைந்துவிடும். வார்ப்பிரும்பு பழைய வீட்டுக்கு அழகு, நெடுங்காலம் உழைக்கும், ஆனால் கனமும் பெயின்ட் செலவும் அதிகம். பெரிய கூரையின் தண்ணீர் முழுவதும் ஒரே கட்டருக்கு வந்தால் ஆழம் கூடிய வகையைக் கேளுங்கள். பிடிமானங்கள் ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. மீட்டருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சரிவு போதும்.

இரட்டை வீடு என்றால் கட்டர் பக்கத்து வீட்டோடு தொடர்ந்து ஓடும், தண்ணீரைக் கீழே இறக்கும் டவுன்பைப் ஒன்றே இரண்டு வீட்டுக்கும் இருக்கும். அவர்களுடையது பழைய இரும்பு, நம்முடையது புது பிளாஸ்டிக் என்றால் இடையில் பொருத்தும் துண்டு வேண்டும். அந்த இணைப்பை யார் செய்வது என்று தாளில் இருக்கட்டும். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுவது. அவர்கள் பலகையும் அதே வயதுதான். ஒரே சாரத்தில் இரண்டு வீட்டையும் முடித்தால் இருவருக்கும் லாபம்.

யார் விலை சொல்கிறார்?

விலை சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கதவைத் தட்டி ‘பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், உங்கள் ஓடு ஒன்று நழுவியிருக்கிறது’ என்பவர்கள் முதல் வகை. இவர்களிடம் வேலையே கொடுக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. பகலில் வீட்டில் தனியாக இருப்பது வயதான அம்மா அப்பா. ஆங்கிலத்தில் மறுத்துப் பேசத் தயக்கம், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சம். இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் வருகிறார்கள். ‘மகனிடம் பேசுங்கள்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துவது மரியாதைக் குறைவு அல்ல என்று பெற்றோருக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனம். டை கட்டிய விற்பனையாளர் வருவார், சோபாவில் நெடுநேரம் உட்காருவார், முதலில் ஒரு பெரிய தொகை சொல்லி, ‘இன்றே கையெழுத்துப் போட்டால்’ என்று இறக்கிக்கொண்டே வருவார். வேலையைச் செய்யப்போவது பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வரும் வேறொரு குழு. இன்று கொடுக்க முடிந்த விலையை அடுத்த வாரமும் கொடுக்க முடியும். கொடுக்க மறுத்தால் போகட்டும்.

மூன்றாவது, உள்ளூர் ரூஃபர், இரண்டு மூன்று ஆட்களோடு வேலை செய்பவர். போனை எடுக்கமாட்டார், தாள் அனுப்ப நாளாகும், ஆனால் ஏணி போட்டு ஏறி ஓட்டைத் தூக்கிப் பார்ப்பவர் அவர்தான். விலை சொல்ல வருபவர் மேலே ஏறினாரா, தெருவில் நின்றே சொன்னாரா என்பதை நான் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்வேன். கூரை ஒப்பந்தக்காரர்களின் தேசிய கூட்டமைப்பான என்எஃப்ஆர்சியிலோ, அரசு ஆதரவுள்ள டிரஸ்ட்மார்க் பட்டியலிலோ இருக்கிறாரா என்று அந்தந்த இணையதளத்திலேயே பாருங்கள். வேனில் ஒட்டிய சின்னத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

நம்மவர்கள் நடுவில் நாலாவது வகையும் உண்டு: கோயிலில் பழக்கமானவர், மச்சானுக்குத் தெரிந்த பில்டர். இவர்களில் மிக நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தெரிந்தவர் என்பதற்காக எழுத்தில் கேட்கக் கூச்சப்படுகிறோம். பிறகு பலகை கழன்று தொங்கும்போது பணமும் போய் உறவும் போகிறது. தெரிந்தவரிடம்தான் எல்லாவற்றையும் தாளில் கேட்க வேண்டும். நல்லவர் அதைத் தவறாக எடுக்கமாட்டார்.

மூன்று தாளை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை சந்தை விலை அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். முன், பக்கம், பின் சேர்த்து 22 மீட்டர் விளிம்புள்ள இரட்டை வீடு. முதல் கொட்டேஷன் 2,100 பவுண்ட், காசாகத் தந்தால். இரண்டாவது 3,600, வாட் வரி சேர்த்து. மூன்றாவது 6,800 என்று தொடங்கி 4,700க்கு இறங்கியது.

மூன்றையும் பிரித்துக் கேட்டால் இப்படித் தெரிய வருகிறது என்று வையுங்கள். முதலாமவர் ஏணியில் நின்றே கேப்பிங் அடிப்பார். ட்ரே இல்லை, காற்றுத்துளை இல்லை, குப்பை நம் பொறுப்பு. இரண்டாமவர் சாரம் கட்டி, முழுப் பலகை மாற்றி, ட்ரேயும் காற்றுப்பட்டியும் வைத்து, குப்பையை எடுத்துச் செல்வார். கைமர நுனி உக்கியிருந்தால் ஒன்றுக்கு 45 பவுண்ட் கூடுதல் என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவரும் கேப்பிங்தான், ட்ரே பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் 20 ஆண்டு உத்தரவாதம் என்ற அட்டை இருக்கிறது.

இப்போது மீட்டர் கணக்கு: முதலாமவர் ஏறக்குறைய 95, இரண்டாமவர் 164, மூன்றாமவர் 214. அதாவது மிக அதிக விலையும் மிகக் குறைந்த விலையும் ஒரே வேலைக்குச் சொல்லப்பட்டவை. உக்கிய மரத்தை நீக்கும் வேலைக்கு விலை சொன்னவர் ஒருவர் மட்டுமே. இரண்டாமவரோடு ஒப்பிட இன்னும் ஒரு கொட்டேஷன், அதே வேலைக்கு, தேவைப்படுகிறது. நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடு என்ற பொதுப் பழக்கம் இங்கே தற்செயலாகச் சரியாக வந்தது. எண்கள் வேறாக இருந்தால் நடுவில் இருப்பதும் கேப்பிங்காகவே இருந்திருக்கலாம்.

அதனால் விலை கேட்கும்போதே ஒரு பக்கத்தில் உங்கள் வேலைப் பட்டியலை எழுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள்: பழைய பலகை நீக்குதல், புதுப் பலகையின் தடிப்பு, ஃபெல்ட் ட்ரே, காற்றோட்டம், கட்டர் வகை, டவுன்பைப் எத்தனை, சாரம், குப்பை, கைமர நுனிக்குத் தனி விலை. சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலின் மேல் இருக்கும் சிறு கூரைக்கும் பலகை உண்டு, அதைப் பலர் கணக்கில் விட்டுவிட்டு நடுவேலையில் கூடுதல் கேட்பார்கள். கைமர நுனி வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும் முன் யாராலும் சொல்ல முடியாது. அதை முன்பே ஒப்புக்கொண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதுபவர், ‘எல்லாம் இதற்குள்’ என்று சொல்லிவிட்டு வேலை நடுவில் கை நீட்டுபவரைவிட நம்பத் தக்கவர்.

தாளின் தலைப்பு எஸ்டிமேட்டா கொட்டேஷனா என்றும் பாருங்கள். எஸ்டிமேட் ஓர் உத்தேசம், மாறலாம். கொட்டேஷனை ஏற்றுக்கொண்டால் அது ஒப்புக்கொண்ட விலை. வாட் வரி இல்லை என்று ஒருவர் சொன்னால் உடனே சந்தேகிக்க வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டுக்குள் இருப்பவர் 2024 ஏப்ரலிலிருந்து உள்ள விதிப்படி அதற்குப் பதிய வேண்டியதில்லை. ஆனால் ‘காசு தந்தால் வாட் இல்லை, பில்லும் இல்லை’ என்பது வேறு கதை. பில் இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. வரி பதிந்தவரின் தாளில் ‘பிளஸ் வாட்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் 20 சதவீதம் சேர்த்த பிறகே மற்றதோடு ஒப்பிடுங்கள்.

விலையைத் திடீரென்று ஏற்றும் விஷயங்கள்

ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் அதன் பயன்பாடு முழுதும் தடைசெய்யப்பட்டது 1999இல். அதற்கு முந்திய, குறிப்பாக 1960, 70களின் வீடுகளில் சோஃபிட் பலகை ஆஸ்பெஸ்டாஸ் இன்சுலேஷன் போர்டாக இருக்கலாம். மரம் போலத் தெரியாத, சாம்பல் நிறமான தட்டைப் பலகை என்றால் யாரையும் உடைக்க விடாமல் முதலில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த வகை என்று உறுதியானால் அகற்றுவதற்குப் பெரும்பாலும் உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். அந்தத் தூசு வேலைசெய்பவரின் நுரையீரலுக்கும் நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் போகும்.

வௌவாலும் பறவையும். சோஃபிட் இடுக்கில் வௌவால் தங்கினால் அந்த இடம் சட்டப் பாதுகாப்பு உள்ளது, அந்த நேரத்தில் வௌவால் உள்ளே இல்லாவிட்டாலும்கூட. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டையும் கலைக்கக் கூடாது. வசந்தத்திலும் கோடையிலும் சிட்டுக்குருவியும் உழவாரக் குருவியும் அந்த இடுக்கில் போய் வந்தால் வேலையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

சாரம். வாசலில் தோட்டம் இல்லாமல் சுவர் நேராக நடைபாதையில் இறங்கும் வரிசை வீடு என்றால், நடைபாதையில் சாரம் நிறுத்தக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அதைப் பொதுவாகச் சாரம் கட்டுபவரே எடுப்பார். கட்டணம் யார் தலையில் என்று கேளுங்கள். சாரம் வேண்டாம், ஏணி போதும் என்று விலை குறைப்பவர் அடி ஓட்டைத் தூக்கி ட்ரே வைக்கப்போவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏணியில் நின்று 5 மீட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

வீட்டுக் காப்புறுதி இதற்குப் பணம் தரும் என்று நம்ப வேண்டாம். மெல்ல மெல்ல உக்கியதை அவர்கள் வழக்கமாக ஏற்பதில்லை. ஃபிளாட் என்றால் இது பெரும்பாலும் கட்டடத்தின் உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை. ஒரு ஃபிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் அவர் முன்கூட்டியே உங்களைக் கலந்தாக வேண்டும்.

கையெழுத்தும் பணமும்

உங்கள் வீட்டில் வைத்து ஒப்பந்தம் போட்டால், 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த உரிமையை அவர் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்தால் செய்த பங்குக்குப் பணம் கொடுக்க வேண்டி வரும். ஆகவே அவசரப்பட்டு அந்தப் பெட்டியில் டிக் போடாதீர்கள்.

முற்பணம் கேட்டால் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும். அதைக் கிரெடிட் கார்டில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தால்கூட, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பாகும். பாதிக்கு மேல் முன்னால் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். உத்தரவாதம் 10 ஆண்டா 20 ஆண்டா என்பதைவிட, எதற்கு என்று கேளுங்கள். பலகை நிறம் மாறாது என்பதற்குப் பொருள் செய்தவர் தருவது ஒன்று. ஒழுகாது என்பதற்கு வேலை செய்தவர் தருவது வேறொன்று. பின்னது அவர் கடையை மூடினால் போய்விடும், காப்புறுதியோடு சேர்ந்த உத்தரவாதம் என்றால் மட்டும் நிற்கும்.

பழைய பலகையை எடுத்துச் செல்பவருக்குக் கழிவு ஏற்றிச் செல்லும் பதிவு இருக்கிறதா என்று சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் குப்பை எங்கேயாவது தெருவோரம் கொட்டப்பட்டால், யாரிடம் கொடுத்தோம் என்று பார்க்காததற்காக அபராதம் உங்களுக்கும் வரலாம்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனையைச் சொல்லி வைத்துவிடுங்கள்: பலகை கழற்றியதும் கைமர நுனிகளின் படம், ட்ரே வைத்ததும் ஓட்டை மூடும் முன் ஒரு படம், விளிம்பு நெடுக. சாரம் பிரிப்பதற்கு முன் தோட்டக் குழாயைக் கூரையில் பிடித்து, கட்டர் எங்கும் தேங்காமல் டவுன்பைப்புக்கு ஓடுகிறதா, இணைப்புகள் ஒழுகுகின்றனவா என்று அவரோடு நின்று பாருங்கள். கடைசித் தவணை அதற்குப் பிறகு. பில், உத்தரவாதத் தாள், அந்தப் படங்கள் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வீடு விற்கும்போது வாங்குபவரின் சர்வேயர் ஃபேசியாவின் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால், காட்டுவதற்கு அவைதான் இருக்கும்.